மெட்டல் டிடெக்டர் வாங்கியிருக்கும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

புது டிடெக்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு கடற்கரைக்குக் கிளம்பியிருக்கும் உங்களுக்குத்தான் இந்த மடல். மெஷினோடு வரும் கையேடு வெளிநாட்டுக் காசுகளை மனதில் வைத்து எழுதியது. நம்மூர் மணலில் அதை அப்படியே நம்பினால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும்.

பெரும்பாலோர் செய்யும் முதல் தப்பு, 'இரும்பே வேண்டாம்' என்று வேண்டாத உலோகத்தைத் தள்ளிவிடும் டிஸ்கிரிமினேஷன் அமைப்பை ஏற்றிவைப்பது. 1992இல் வந்த ஒரு ரூபாய்க் காசு காந்தத்தில் ஒட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ஆற்றங்கரையில் பையன்கள் கயிற்றில் காந்தத்தைக் கட்டி வீசியே காசு எடுப்பது இதனால்தான். இரும்பைத் தள்ளச் சொன்ன மெஷின் இந்தக் காசைக் கண்டும் காணாமல் போகும். இல்லையென்றால் சோடா மூடிக்குச் செய்வதுபோல, எந்த உலோகம் என்று சொல்லத் திரையில் வரும் எண்ணைத் தாறுமாறாகக் காட்டும். பித்தளை நிற ஐந்து ரூபாயில் இந்தத் தொல்லை இல்லை.

காசு போனால் போகிறது. நகையில்தான் உண்மையான நஷ்டம். மாத்திரை அட்டை, சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள், டின்னின் இழுப்பு வளையம் இவையெல்லாம் திரையில் எந்த எண்களில் விழுகின்றனவோ, சின்னத் தங்க மோதிரமும் அங்கேதான் விழும். குப்பைக்குப் பயந்து அந்த எண்களை மூடினால் மோதிரத்தையும் சேர்த்து மூடிவிட்டீர்கள். சங்கிலி இன்னும் மோசம். மெஷின் அதைக் கண்ணி கண்ணியாகப் பார்ப்பதால் நாலு பவுன் சங்கிலிக்கும் கொக்கி அளவுக்கே சத்தம் வரும். மெட்டி வெள்ளிதான், ஆனாலும் வாய் திறந்த வளையம்; மூடிய மோதிரம் அளவுக்குக் கத்தாது. நகை வேண்டுமென்றால் மெலிந்த சத்தத்தையும் தோண்டித்தான் ஆக வேண்டும், பத்தில் ஒன்பது குப்பையாக இருந்தாலும். தங்கத்தை மட்டும் காட்டும் மெஷின் என்று ஒன்று கிடையாது. அப்படிச் சொல்லி விற்பவர் இரிடியக் கலசம் விற்பவருக்குப் பங்காளி.

அடுத்தது ஈர மணல். உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்துவதால், காய்ந்த மணலில் அமைதியாக இருந்த ஒற்றை அலைவரிசை மெஷின் அலை தொட்ட இடத்தில் ஓயாமல் கத்தும். சென்சிட்டிவிட்டியைக் குறையுங்கள். ஈர மணலில் நின்றபடியே மெஷினின் அடியிலுள்ள வட்டத் தட்டான காயிலை மெல்ல ஏற்றி இறக்கி, மண்ணால் வரும் சத்தத்தைக் கழிக்கும் கிரவுண்ட் பேலன்ஸை மறுபடி செய்யுங்கள். அப்போதும் அடங்காவிட்டால் ஒரே நேரத்தில் பல அலைவரிசைகளில் வேலை செய்யும் மல்டி ஃப்ரீக்வென்சி அல்லது விட்டு விட்டு மின்துடிப்பு அனுப்பும் பல்ஸ் இண்டக்‌ஷன் மெஷின்தான் வழி. பல்ஸ் மெஷின் தாது நிறைந்த குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கருமணலில்கூட ஆழமாகப் பார்க்கும்; ஆனால் ஆணியையும் மோதிரத்தையும் ஒழுங்காகப் பிரித்துச் சொல்லாது.

மெரினா, சென்னைத் துறைமுகச் சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து அகன்ற கரை. அங்கே பழைய பொருள் கீழே போய்க்கொண்டே இருக்கும். சாதாரண மெஷின் ஒரு காசை 20, 25 செ.மீ. ஆழம் வரைதான் பார்க்கும். எனவே அங்கே தேட வேண்டியது நேற்று விழுந்ததை. காணும் பொங்கலுக்கு மறுநாள் காலை நல்ல நேரம். வடகிழக்குப் பருவமழையில் கடல் கரையை அறுத்துப் படிபோல வெட்டி வைத்திருக்கும் இடங்களில் மட்டும், அந்தப் படியின் அடியில் பழைய கனமான பொருள்கள் வெளிப்படும்.

காயில் மணலுக்கு மேலே இரண்டு விரல் உயரத்தில், தரைக்கு இணையாக, மெதுவாகப் போக வேண்டும். வீச்சின் இரு முனையிலும் கை தன்னால் மேலே தூக்கும். ஆழம் குறைந்துபோவது அங்கேதான். ஒரு வீச்சில் பாதியை அடுத்த வீச்சு மறுபடி தொட வேண்டும். சத்தம் வந்ததும் குறுக்கே திரும்பி நின்று இன்னொரு தடவை வீசி, இரண்டும் வெட்டும் புள்ளியைப் பிடியுங்கள். கரண்டியை அந்தப் புள்ளியிலேயே குத்தாமல் ஒரு சாண் தள்ளி இறக்குங்கள். குழியை மூடாமல் நகராதீர்கள். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமை முட்டையிட ஏறும் காலம். அந்த மாதங்களில் அலைக்கு எட்டாத மேட்டு மணலைத் தோண்டவே வேண்டாம். தீர்த்தக் கரைகளிலும் காவிரிப் படித்துறைகளிலும் மண் அரித்துப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். நம் ஞாயிற்றுக்கிழமைக்கு அந்த இடம் தேவையில்லை.

மோதிரம் கிடைத்துவிட்டது. உங்களுடையதா? இல்லை. உரியவரைத் தேடாமல் அதை உடனே விற்றால் குற்றம் என்று, கண்டெடுத்த மோதிரத்தையே உதாரணமாக வைத்துச் சொல்கிறது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதாவின் 314ஆம் பிரிவு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 403தான் அது. உட்புறத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். 2023 ஏப்ரலுக்குப் பின் கடையில் விற்ற தங்க நகையில் பெரும்பாலும் ஆறு எழுத்து-எண் கொண்ட ஹால்மார்க் குறி இருக்கும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் அதைப் போட்டால் ஹால்மார்க் போட்ட நகைக்காரரின் விவரம் வரும். அங்கிருந்து நூல் பிடிக்கலாம். முடியாவிட்டால் அருகிலுள்ள காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். குறி தெரியும்படி படம் எடுத்துப் பொதுவில் போடாதீர்கள். உரியவர் மட்டும் சொல்லக்கூடிய அடையாளம் ஒன்றாவது மறைந்திருக்கட்டும்.

இனி, இந்த மடலை எழுத வைத்த விஷயம். கடற்கரையில் கை பழகியதும் சிலர் பழங்காலக் குடியிருப்பு புதைந்த ஊர்ப்புற மேடுகளுக்கும் ஆற்றுப் படுகைகளுக்கும் போகிறார்கள். 'மாக்கோதை' என்று பெயர் பொறித்த சேரர் வெள்ளிக்காசு கரூர் அமராவதிப் படுகையில் கிடைத்தது உங்களை இழுக்கலாம். ஆற்று மணலில் காசு ஏற்கெனவே இடம் பெயர்ந்துவிட்டது. மேட்டில் அப்படியில்லை. எந்த மண் அடுக்கில், எந்தப் பானை ஓட்டோடு கிடந்தது என்பதுதான் காசைக் கொண்டு காலத்தைச் சொல்ல வைக்கிறது. நீங்கள் பறித்த பிறகு அது எடைக்கு விற்கும் உலோகம். பழங்காலத்துக் கறுப்பு-சிவப்புப் பானை ஓடு காலில் இடறினால் மெஷினை அணைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

தற்செயலாகக் கிடைத்தாலும் வழி உண்டு. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் புதைந்து கிடைத்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே என்ன பொருள், எங்கே, எந்தத் தேதியில் என்று மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை, உங்கள் பங்கும் போகும். சொன்னால், உரிமை கோர ஆளில்லை என்று முடிவாகும் புதையலில், வேறு உடன்பாடு இல்லாதபட்சத்தில் கண்டெடுத்தவருக்கு முக்கால், நிலத்துக்காரருக்குக் கால். அரசு எடுத்துக்கொண்டால் உலோக மதிப்புக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் தரும்.

ஆட்சியர் அலுவலகம் போகும் வரை காசைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். எலுமிச்சையும் வேண்டாம், பல் துலக்கும் பிரஷும் வேண்டாம். செம்புக் காசில் எழுத்து நிற்பது மேலே படிந்த பச்சைப் படலத்தில்தான். அமிலம் முதலில் தின்பது அதைத்தான். ஒட்டிய மண்ணோடு காகிதத்தில் மடித்து, இடமும் ஆழமும் தேதியும் அதன் மேலேயே எழுதி வையுங்கள்.

இப்படிக்கு,
காதில் ஹெட்போனும் கையில் சல்லடையுமாகத் திரியும் சிலர்