சுட்ட செங்கல்லில் குரோமியம் அடங்கிவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தோல் ஆலைகளின் கழிவுச் சேற்றை மண்ணோடு பிசைந்து, செங்கல் அறுத்து, சூளையில் சுட்டுவிட்டால் அதிலுள்ள குரோமியம் கல்லுக்குள்ளேயே அடங்கிவிடும் என்ற யோசனை அவ்வப்போது முன்வைக்கப்படுகிறது. பாலாற்றங்கரையில் வாழும் எனக்கு இது பெரும் கவலை தருகிறது.

தோல் பதனிடப் பயன்படுவது மூன்று இணைதிறன் கொண்ட குரோமியம். அது சேற்றில் எளிதில் கரையாத நிலையிலேயே இருக்கிறது. ஆனால், தோலிலிருந்து மயிரை நீக்கச் சேர்க்கும் சுண்ணாம்பும் பெரும்பாலும் அதே சேற்றில்தான் வந்து சேர்கிறது. இவை இரண்டும் காற்றோட்டமுள்ள சூளையில் ஒன்றாக வேகும்போது, குரோமியத்தின் ஒரு பகுதி, நீரில் கரையக்கூடியதும் புற்றுநோயை உண்டாக்குவதுமான ஆறு இணைதிறன் வடிவத்துக்கு மாறிவிடுகிறது. குரோமேட் ஆலைகளில் தாதுவைச் சோடா உப்புடன் சேர்த்துக் காற்றில் வறுத்தெடுக்கும்போது நிகழ்வதும் இதே வேதிமாற்றம்தான். அப்படிப்பட்ட ஆலையொன்று மூடப்பட்டபின் ராணிப்பேட்டையில் விட்டுச்சென்ற இரண்டு லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவிலிருந்து மஞ்சள் நீர் கசிந்து நிலத்தடி நீரைக் கெடுத்ததை இப்பகுதி மக்கள் கண்ணால் கண்டிருக்கிறார்கள்.

செங்கல்லுக்கான இந்தியத் தரநிலை அதன் வலிமை, நீர் உறிஞ்சும் அளவு, உப்புப் பூத்தல் ஆகியவற்றைப் பார்க்கிறதே தவிர, கல்லிலிருந்து உலோகம் கசிகிறதா என்று பார்ப்பதில்லை. அபாயகரக் கழிவுகளுக்கென உள்ள கசிவுச் சோதனையில், பொருளைச் சிறு துண்டுகளாக உடைத்து, நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் 18 மணி நேரம் சுழற்றிப் பார்க்கிறார்கள். அதில் குரோமியத்துக்கான வரம்பு லிட்டருக்கு 5 மில்லிகிராம். குடிநீரில் அனுமதிக்கப்படுவதோ 0.05 மில்லிகிராம்தான். மேலும், சுண்ணாம்பு கலந்த காரத்தன்மையிலும் ஆறு இணைதிறன் குரோமியம் தாராளமாகக் கரையும் என்பதால், அமிலச் சோதனையில் தேறியதை மட்டும் வைத்துக் கல்லுக்குச் சான்றளிப்பது போதாது.

கழிவைக் கட்டுமானத்துக்குப் பயன்படுத்துவதையே நான் எதிர்க்கவில்லை. சூளையில் வைக்காமல் சிமெண்டோ சுண்ணாம்போ சேர்த்து இறுகவைக்கும் ஃபிளை ஆஷ் (அனல்மின் நிலையச் சாம்பல்) கல் வேறு வகை. அதையும் தோல் சேற்றுக் கல்லையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

எனவே, தோல் சேற்றைத் திறந்த சூளைகளில் சுட மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அனுமதிக்கக் கூடாது. வேறு முறையில் செய்யும் கற்களையும், சாதாரண நீரில் ஊறவைத்து ஆறு இணைதிறன் குரோமியத்தைத் தனியே அளந்து, ஒவ்வொரு தொகுப்பின் முடிவையும் வாங்குவோர் பார்க்கும்படி வெளியிட்ட பிறகே விற்க விட வேண்டும். சூளையில் வேலை செய்வோரும், நாளை அந்தச் சுவரை இடிக்கப்போகும் கூலித் தொழிலாளியும் சுவாசிக்கப்போவது அந்தக் கல்லின் தூசியைத்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வாலாஜாபேட்டை.