செந்தூல் தம்பிக்கு: ‘ரெக்’ படத்தை மறுபடியும் பார்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய திரைக்கதையை இரண்டு முறை படித்தேன். பினாங்கில் பழைய பங்களா ஒன்றை நான்கு நாளுக்கு வாடகைக்கு எடுப்பது, பேய் ஒப்பனைக்குத் தனியாக ஆள் வைப்பது, இதற்கெல்லாம் சித்தியின் சங்கிலியை அடகு வைப்பது என்று நீ போட்டிருக்கும் கணக்கையும் பார்த்தேன். அதற்கு முன் ‘ரெக்’ என்ற திகில் படத்தைப் பார் என்று சொன்னதற்கு, ஸ்பானிய மொழி ஒன்றும் புரியவில்லை, அரை மணி நேரமாகியும் பேய் வரவில்லை என்று பாதியிலேயே நிறுத்திவிட்டதாகப் பதில் போட்டிருந்தாய். உன் சம்மதத்தோடுதான் இதைப் பொதுவில் எழுதுகிறேன். கையில் கேமராவும் மனத்தில் பேய்க்கதையுமாக அலையும் பிள்ளைகள் கோலாலம்பூரில் நீ ஒருவன் மட்டும் இல்லை.

ஜௌமே பாலகுவேரோ, பாக்கோ பிளாசா இருவரும் சேர்ந்து இயக்கி 2007-இல் வெளிவந்த அந்தப் படம் வெறும் 78 நிமிடம்தான். தீயணைப்பு நிலையத்தின் இரவுப் பணியைப் படம்பிடிக்கப் போன தொலைக்காட்சி நிருபர் ஆன்ஹெலாவும் ஒளிப்பதிவாளர் பாப்லோவும், ஓர் அழைப்பு வந்ததும் வீரர்களோடு பார்சிலோனாவின் பழைய அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றுக்குள் நுழைகிறார்கள். உள்ளே கடியால் தொற்றும் ஒரு நோய் பரவுகிறது; சற்று நேரத்தில் அதிகாரிகள் வெளியிலிருந்து கட்டடத்தை அடைத்துவிடுகிறார்கள். செலவுக் கணக்கு பார்ப்பவனாக இனி யோசித்துப் பார். தீயணைப்பு நிலையத்தை விட்டால் ஒரே கட்டடம், ஒரு மாடிப்படி, சில வீடுகள், ஒரு கேமரா. ஆன்ஹெலாவாக வரும் மனுவேலா வெலாஸ்கோ ஏற்கெனவே தொலைக்காட்சித் தொகுப்பாளராக இருந்தவர் என்பதால் ஒலிவாங்கியைப் பிடிப்பதில் துளியும் நடிப்பாகத் தெரியாது. அந்த ஆண்டின் சிறந்த புதுமுக நடிகைக்கான கோயா விருது அவருக்குத்தான் கிடைத்தது. பாப்லோவாக வருபவர் படத்தின் உண்மையான ஒளிப்பதிவாளர் பாப்லோ ரோஸ்ஸோ.

பேய் வரவில்லை என்று நீ சொன்ன அந்த அரை மணி நேரத்துக்குப் பின்னால் ஒரு காட்சி இருக்கிறது. காய்ச்சலோடு அம்மாவின் மடியில் சாய்ந்திருக்கும் சிறுமியிடம் ஆன்ஹெலா பேட்டி எடுக்கிறார். தொண்டை வீங்கியிருக்கிறது, அவ்வளவுதான் என்கிறார் அம்மா. அப்பா மருந்து வாங்கப் போயிருக்கிறார். நாய்க்கும் உடம்பு சரியில்லை என்று கால்நடை மருத்துவரிடம் விட்டிருக்கிறார்கள். எந்தப் பிள்ளையும் சொல்லக்கூடிய சாதாரணப் பேச்சு. பின்னர் சுகாதார அதிகாரி உள்ளே வந்து ஒரு நாயைப் பற்றிச் சொல்லத் தொடங்கும்போது, சற்று முன் நாம் புன்னகையோடு கேட்டுக்கொண்டிருந்த அதே சொற்கள் திரும்பி வந்து நம் கழுத்தைப் பிடிக்கின்றன. கேமராவும் மெல்ல அந்த அம்மாவின் பக்கம் திரும்புகிறது. அந்தக் கணத்தை உருவாக்க ஒரு வெள்ளிகூடக் கூடுதலாகத் தேவைப்படவில்லை.

மொழி புரியவில்லை என்றாய். கட்டடவாசிகள் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தும்போது துணைவரிகளாலும் ஈடுகொடுக்க முடிவதில்லை; அந்தத் திணறல் எனக்கு படத்தின் பகுதியாகவே பட்டது. அங்கே ஒரு ஜப்பானியக் குடும்பமும் இருக்கிறது, அவர்களைப் பற்றி இளக்காரமாகப் பேசும் அண்டை வீட்டுக்காரரும் இருக்கிறார். பல மொழிக்காரர்கள் ஒரே மாடிப்படியைப் பகிர்ந்துகொள்ளும் ஊரில் வாழும் நமக்கு இதை யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டுமா?

2020 ஏப்ரலில், கோவிட் காலத்தில், கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவில் சிலாங்கூர் மென்ஷனையும் மலாயன் மென்ஷனையும் முள்கம்பி போட்டு அடைத்தது உனக்கு நினைவிருக்கும். உள்ளே இருந்தவர்களில் பலர் இந்தியாவிலிருந்து பிழைக்க வந்தவர்கள். நோயைத் தடுக்கத்தான் அப்படிச் செய்தார்கள் என்று அறிவுக்குப் புரிந்தாலும், சன்னல்களில் தெரிந்த முகங்களைச் செய்தியில் பார்த்த அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதன் பிறகு ‘ரெக்’ படத்தை மறுபடி போட்டுப் பார்த்தபோது, கடிபட்டவர்களைவிடக் கதவருகே நின்று, எங்களை ஏன் அடைத்தீர்கள், எப்போது விடுவீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருப்பவர்கள்தான் என்னை அதிகம் நடுங்க வைத்தார்கள். பதில் சொல்ல உள்ளே யாருக்கும் எதுவும் தெரியாது.

பத்து ஆண்டுகளாகத் திருமண வீடியோக்களுக்கு ஒலி சேர்த்துக்கொண்டிருப்பவள் என்பதால் ஒலியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். படத்தில் பின்னணி இசையே கிடையாது. மாடிப்படியின் நடுவிலுள்ள இடைவெளி வழியாக ஒரு தீயணைப்பு வீரர் மேலிருந்து வந்து தரையில் விழும் காட்சியில், எச்சரிக்கை செய்ய எந்த வயலினும் அலறுவதில்லை. பேச்சுக்கு நடுவே அந்தச் சத்தம் மட்டும் கேட்கிறது. நீயோ திரைக்கதையில் பன்னிரண்டு இடங்களில் ‘திடீர் இசை’ என்று எழுதியிருக்கிறாய்.

மேல்மாடியில் நடப்பதைச் சொல்ல மாட்டேன். கேமராவின் விளக்கு உடைந்துபோகும், அதற்குப் பிறகு கேமராவின் இருட்டுக் காட்சிமுறையில் (நைட் விஷன்) தெரிவது மட்டுமே நமக்கு மிச்சம் என்பதை மட்டும் சொல்கிறேன். அங்கே வரும் உருவம் ஹாவியேர் போட்டெட் என்ற நடிகர். மார்ஃபான் நோய்க்குறியால் ஒல்லியாக நீண்ட அவருடைய கைகால்கள்தான் அந்த உருவத்துக்குப் பாதி பலம். கணினி வரைகலையால் செய்திருந்தால் நாம் இவ்வளவு நம்பியிருக்க மாட்டோம்.

தம்பி, நீ பதினொன்றாவது மாடியில் இருக்கிறாய். மின்தூக்கி பழுதாகும் இரவுகளில் படிக்கட்டு விளக்கு இரண்டு மாடிக்கு ஒன்றுதான் எரியும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். எட்டாவது மாடியில் யாரோ இருமினால் உன் வாசலில் கேட்கும் என்றும் சொன்னாய். அந்த இருமலை எழுது. பினாங்கு பங்களாவில் யார் எப்படி வாழ்ந்தார்கள் என்று உனக்குத் தெரியாது, இந்தப் படிக்கட்டை நீ இருட்டிலும் ஏறுவாய்.

சங்கிலி சித்தியின் கழுத்திலேயே இருக்கட்டும். வருகிற வெள்ளிக்கிழமை இரவு வேலை முடிந்ததும் என் ஒலிப்பதிவுக் கருவியை எடுத்துக்கொண்டு செந்தூலுக்கு வருகிறேன். மின்தூக்கி வேலை செய்தாலும் நாம் நடந்தே ஏறுவோம்.

அன்புடன்,
அக்கா