கொள்ளிடம் பாலத்தைச் சாய்த்தது வயதா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். திருச்சியில் திருவரங்கத்தையும் நம்பர் 1 டோல்கேட்டையும் இணைத்த கொள்ளிடம் ஆற்றுப் பழைய பாலத்தைப் பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும், "வயதாகிவிட்டது, விழுந்துவிட்டது" என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அந்தப் பாலத்தின் மேல் பல ஆண்டுகள் நடந்தவன் நான். என்னால் அதை ஒப்புக்கொள்ள முடியவில்லை.

1928இல் கட்டிய பாலம் அது. காவிரியில் 1924இல் வந்த பெருவெள்ளத்தின் நினைவு ஆறுவதற்குள் எழுந்தது. கட்டியவர்கள் அந்த வெள்ளத்தை மனத்தில் வைத்துத்தான் தூண்களை ஊன்றியிருப்பார்கள். சென்னையிலிருந்து திருச்சிக்கு வந்த பஸ்களும் லாரிகளும் பல காலம் அதன் மேல்தான் ஊர்ந்தன. சமயபுரத்துக்குப் பாதயாத்திரை போனவர்களும் அதன் மேல்தான் நடந்தார்கள். தைப்பூசத்தன்று சமயபுரத்தாள் தீர்த்தவாரிக்கு வந்து அண்ணன் அரங்கநாதரிடம் சீர் வாங்குவதும் இதே ஆற்றின் கரையில்தான். எங்களுக்கு இது வடகாவேரி. திருச்சியையே மூழ்கடித்த 1977 வெள்ளத்திலும், பிறகு 2005 வெள்ளத்திலும் பாலம் அசையவில்லை.

அப்படி நின்ற தூண்கள் 2018 ஆகஸ்டில் சாய்ந்தன. அருகிலேயே புதிய பாலம் திறந்து, 2016 முதல் பழையதில் போக்குவரத்து நின்றுபோயிருந்ததால் உயிர்கள் தப்பின. அடுத்த சில நாள்களில், காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிற முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. அது 1836இல் கட்டியது என்பதால் அங்கும் முதுமைதான் காரணமாகச் சொல்லப்பட்டது. ஆற்றின் போக்கில் இவற்றுக்குக் கீழே, இவை எல்லாவற்றுக்கும் மூத்த கல்லணை நிற்கிறதே!

ஆற்றுப் பாலத்துக்குப் பலம் தூணில் மட்டும் இல்லை, தூணைப் பிடித்திருக்கும் மணலிலும் இருக்கிறது. காவிரியின் மிகைநீரெல்லாம் திரும்புகிற வடிகால் கொள்ளிடம். அந்த ஆற்றில் ஆண்டுக்கணக்கில் லாரி லாரியாக மணல் அள்ளினோம். படுகை தாழத் தாழ, மண்ணுக்குள் புதைந்திருக்க வேண்டிய அடித்தளம் வெளியே வந்தது. வெள்ளம் தூணைச் சுற்றிச் சுழன்று, மிச்சமிருந்த மணலையும் பறித்துக்கொண்டு போனது. கோடையில் தண்ணீர் வற்றியபோது மேலிருந்து எட்டிப் பார்த்த எவருக்கும் இது தெரிந்திருக்கும். நானும் பார்த்தேன். அன்றே உங்களுக்கு எழுதாமல் இருந்துவிட்டேனே என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

இப்போது எழுதக் காரணம் புதிய பாலம். அதன் தூண்களைக் காக்க ஆற்றுக்குள் கட்டிய தடுப்புச் சுவரின் ஒரு பகுதியை 2024 ஆகஸ்ட் வெள்ளம் கொண்டுபோய்விட்டது. அங்கே ஆற்றில் நின்ற உயரழுத்த மின்கோபுரமும் சாய்ந்தது. இவற்றுக்கெல்லாம் நூறு வயதா ஆகியிருந்தது?

நெடுஞ்சாலைத் துறையும் நீர்வளத் துறையும் ஒரு காரியம் செய்ய வேண்டும். புதிய பாலத்தின் ஒவ்வொரு தூணிலும், கட்டியபோது மணல்மட்டம் எங்கே இருந்தது என்று பெயின்டில் ஒரு கோடு போடட்டும். ஒவ்வோர் ஆண்டும் மேட்டூர் திறப்பதற்கு முன் மணல்மட்டத்தை அளந்து, அந்தக் கோட்டிலிருந்து எத்தனை அடி இறங்கியிருக்கிறது என்பதைப் பாலத்தின் இரு முனையிலும் பலகையில் எழுதி வைக்கட்டும். காலையில் நடக்கப் போகிறவர்கள் நாங்கள் படித்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருவரங்கம்.