மட்சா கசந்தது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜப்பானின் கியோட்டோ நகருக்குக் கல்விப் பயணம் போன மாணவர்களின் தேநீர்ச் சடங்கு அனுபவத்தைச் சென்ற இதழில் படித்தேன். மட்சா என்னும் பச்சைத் தேயிலைத் தூளில் கொதிக்கும் நீரை ஊற்றிச் சுற்றிச் சுற்றிக் கலக்கினார்களாம். வாய்க் கசப்பு போகக் கடைசியில் இனிப்பைத் தின்றார்களாம். அந்தக் கசப்புதான் ஜப்பானியரின் ரசனை என்று கட்டுரையாளர் எழுதியதைப் படித்ததும் மனம் பொறுக்கவில்லை.

கொதிநீர் பட்டால் எவ்வளவு உயர்ந்த மட்சாவும் கசக்கும். கியோட்டோவுக்கு அருகே தேயிலைக்குப் பெயர்போன உஜி ஊர் விவசாயிகள் பறிப்புக்குச் சுமார் மூன்று வாரம் முன்பே செடிகளுக்கு மேல் பந்தலிட்டு வெயிலை மறைக்கிறார்கள். இலைக்கு இனிய சுவை தரும் தியானின் என்ற அமினோ அமிலம் குறையாமல் இனிமை நிற்க வேண்டும் என்பதற்கே இந்தப் பாடு. கொதிநீரில் துவர்ப்பு தூக்கலாகி அந்த இனிமையை அமுக்கிவிடும்.

மெல்லிய தேநீரான உசுச்சாவுக்குத் தூள் 2 கிராம் போதும். 80 டிகிரிக்கு ஆறிய நீர் 70 மில்லி. தூளை முதலில் சலிக்க வேண்டும், இல்லாவிட்டால் கட்டி கரையாமல் நாக்கில் தட்டும். சாசென் என்னும் மூங்கில் கடைகோலை வெந்நீரில் நனைத்து எடுக்காவிட்டால் காய்ந்த நுனிகள் ஒடியும். கிண்ணத்தின் அடியில் அழுத்தாமல், மணிக்கட்டை மட்டும் அசைத்து முன்னும் பின்னுமாக விரைந்து அடிக்க வேண்டும். வெறுமனே சுற்றினால் நுரை எழாது, தூள் அடியில் தங்கிவிடும். இனிப்பையோ தேநீருக்கு முன்பே தின்று முடிக்க வேண்டும். நாக்கில் நிற்கும் தித்திப்பின் மேல்தான் தேநீர் இறங்க வேண்டும். இவையெல்லாம் தாங்கள் அறியாதவை அல்ல. பிறகு எப்படி அச்சேறியது?

இது முதல் முறையும் அல்ல. முன்பொரு இதழின் அட்டையில் யுகாத்தா என்னும் மெல்லிய கிமோனோ உடுத்திய மாணவிக்கு வலப்புற மடிப்பு மேலே இருந்தது. உயிருள்ளவர்களுக்கு இடப்புறம்தான் மேலே வரும். மற்றது பிணத்துக்கு உடுத்தும் முறை. படத்தை இடவலமாகத் திருப்பி அச்சிட்டாலும் இப்படி நேரும் என்பதால், பின்னணியில் உள்ள எழுத்தைப் பார்த்துச் சரிசெய்திருக்கலாம். இன்னொரு கட்டுரை, மண்டியிட்டு உட்கார்ந்து கால் மரத்த பிள்ளைகளைக் கேலி செய்தது. கால் விரல்களை ஊன்றிக் குதிகால் மேல் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் தடுமாறாது என்று ஒரு வரி சேர்த்திருந்தால், அடுத்துப் போகும் பிள்ளைக்காவது உதவியிருக்கும். பெற்றோர் பணம் கட்டி அனுப்புவது ஒரு கலையைக் கையால் தொட்டு அறிவதற்கு. அதை வேடிக்கையாக்கி எழுதுவது அந்தப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்தவர்களுக்கும் செய்யும் அவமரியாதை.

நீரின் சூட்டையும் கலக்கும் முறையையும் இனிப்பு தின்னும் நேரத்தையும் திருத்தி அடுத்த இதழில் நான்கு வரி வெளியிடுங்கள். அது போதும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்