கோபன்ஹேகனில் காசை எங்கே விடுவது

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. கமலாவின் முழங்கால் தேறி வருகிறது என்று படித்ததும் நிம்மதி. ஆனால் மாடிப்படி ஏறுகிறாளா என்று எழுதவில்லையே? ஜூனில் கோபன்ஹேகனில் எதைப் பார்ப்பது என்று கேட்டிருக்கிறாய், பாதி பதில் அதில்தான் இருக்கிறது.

போன வருஷம் மகன் வீட்டில் இருந்தபோது, எல்லா இடத்துக்கும் சேர்த்து ஒரே அட்டையாக வாங்கி ஏமாந்தேன். காசு வீணாகக் கூடாதே என்று நாலைந்து அருங்காட்சியகங்களுக்கு ஓடினேன், எதுவும் மனதில் நிற்கவில்லை. நீங்கள் ஒரு நாளைக்கு ஒரு இடத்துக்குச் சீட்டு வாங்கினால் போதும்.

அந்த ஒன்று ரவுண்டு டவராக இருக்கட்டும். 1642இல் கட்டி முடித்த வட்டக் கோபுரம். உள்ளே படிக்கட்டுக்குப் பதில் செங்கல் பாவிய சரிவுப் பாதை, ஏழரைச் சுற்று சுற்றி மேலே போகிறது. உச்சிக்குப் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் படிகள். கமலாவை வெளிச்சுவரை ஒட்டியே நடக்கச் சொல். உள்பக்கம் ஏற்றம் செங்குத்து, வெளிப்பக்கம் தெருவில் நடப்பது போல. ரஷ்ய மன்னர் மகா பீட்டர் 1716இல் குதிரையிலேயே ஏறினாராம்!

ஊரை இன்னும் உயரத்திலிருந்து பார்க்க நாடாளுமன்றம் இருக்கும் கிறிஸ்டியன்ஸ்போர்க் அரண்மனைக் கோபுரம். லிஃப்ட் உண்டு, கட்டணம் இல்லை.

கடற்கன்னி சிலைக்கு எல்லாரும் ஓடுகிறார்கள். 1.25 மீட்டர்தான், இரண்டாம் வகுப்புப் பிள்ளை உயரம். அதற்கென்று ஒரு அரை நாள் வேண்டாம். காலாற நடக்கத் தோன்றினால் போய்விட்டு வாருங்கள்.

படகுச் சுற்றுலாவுக்கும் காசு கொடுக்காதே. மஞ்சள் நிறத் துறைமுகப் படகு ஒன்று ஓடுகிறது, பஸ், மெட்ரோ டிக்கெட்டே அதற்கும் செல்லும். நீஹாவ்ன் என்ற கால்வாய்க் கரையில் ஏறுங்கள். அங்கே கரையோர ஓட்டல்களில் மட்டும் உட்கார்ந்துவிடாதே, பில்லைப் பார்த்தால் உன் ரத்த அழுத்தம் ஏறிவிடும். சூப்பர் மார்க்கெட்டில் கறுப்பு ரொட்டியும் சீஸும் வாங்கிப் படித்துறையில் காலைத் தொங்கப்போட்டுச் சாப்பிடலாம். தண்ணீர் பாட்டில் வாங்காதே, குழாய்த் தண்ணீரே அருமை.

அப்புறம், கல்லூரியில் படிக்கும்போது தரங்கம்பாடிக் கோட்டையில் வேர்க்கடலை தின்று உட்கார்ந்திருந்தோமே, நினைவிருக்கிறதா? 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அந்த இடத்தைப் பெற்ற டென்மார்க் மன்னர் நாலாம் கிறிஸ்டியன்தான் இந்த வட்டக் கோபுரத்தையும் கட்டியவர். உச்சியில் நின்றபோது உன் நினைப்புதான் வந்தது.

படிக்கட்டு விஷயத்தை மறக்காமல் எழுது.

உன்,
ராஜு