லுல்லியின் பாடல் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இணைப்பில் வெளியான நாட்டுப்பாடல்கள் குறித்த கட்டுரை, ‘ஓ கிளேர் தெ லா லூன்’ என்னும் பிரெஞ்சுப் பாடலை 17-ஆம் நூற்றாண்டு அரசவை இசைஞர் லுல்லி இயற்றினார் என்று அடித்துச் சொல்கிறது. அது பழைய செவிவழிச் செய்தி; ஆதாரம் கிடையாது. பெயர் தெரியாத ஒருவர் கட்டிய பாட்டு என்றால் மதிப்புக் குறைந்துவிடுமா என்ன? உறுதியாகத் தெரிந்த வரலாற்றையோ கட்டுரை தொடவே இல்லை. 1860 ஏப்ரல் 9 அன்று, அச்சுத்தொழிலில் இருந்த ஸ்கோத் தெ மார்த்தென்வீல் என்ற பிரெஞ்சுக்காரர் இப்பாடலின் சில அடிகளைப் பாடி, குரலின் அதிர்வுகளைக் கரிப்புகை படிந்த தாளில் கோடுகளாகப் பதிவு செய்தார். எடிசனின் ஃபோனோகிராஃப் என்ற ஒலிப்பதிவுக் கருவிக்கு இது 17 ஆண்டுகள் முந்தையது. தன் பதிவைத் திரும்ப ஒலிக்கச் செய்யும் வழி மார்த்தென்வீலிடம் இல்லை. 2008-இல்தான் அமெரிக்க ஆய்வாளர்கள் கணினி மூலம் ஒலிக்கவைத்தனர். முதலில் இருமடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பெண்குரல் என்று நம்பியது தனிக்கதை.

பிரெஞ்சு கற்பிக்கும் எனக்கு, வகுப்பில் எந்த இலக்கணப் பாடமும் தராத அமைதியை அந்தச் சில நொடிப் பதிவு தந்திருக்கிறது. இத்தகைய பாடல்களுக்கு ‘இயற்றியவர் அறியப்படவில்லை’ என்றே அச்சிடுங்கள். பதிவைக் கேட்க ஒரு கியூஆர் குறியீட்டையும் சேர்க்கலாம்.

– ஒரு வாசகர், புதுச்சேரி