பழைய இரும்புக் கடை பாய்க்கும் மற்ற எல்லோருக்கும்

எல்லோருக்கும் வணக்கம். தொழிற்கல்விப் பிரிவு தொடர வேண்டும் என்று நாம் கொடுத்த மனுவுக்கு ஆணை கைக்கு வந்து இன்னும் முழுசாக ஒரு நாள் ஆகவில்லை. நம் பள்ளியில் தொழிற்கல்விப் பிரிவு தொடரும், ஒர்க்‌ஷாப்பும் இருந்த இடத்திலேயே இருக்கும். பட்ட பாடு உங்களுக்குத் தெரியும், அதைத் திரும்பக் கிளற எனக்குத் தெம்பில்லை. நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

மனு எழுதித் தந்த வக்கீல் சார், கையெழுத்து வாங்க வெயிலில் தெருத்தெருவாக அலைந்த பழைய மாணவர்கள், லீவு போட்டுவிட்டு வந்து கூட நின்ற தொழிற்கல்வி ஆசிரியர்கள் (பகுதிநேரச் சம்பளத்தில் வருஷக்கணக்காகக் காலம் தள்ளியவர்களும் இதில் உண்டு), அலையும்போதெல்லாம் கணக்குப் பார்க்காமல் டீ கொடுத்த அக்கா, உங்கள் எல்லோரையும் ஒரே வரியில் அடைக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பாயைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

"இந்தப் பிரிவு எப்போது தொடங்கியது, ஆதாரம் எங்கே?" என்று மனுவை விசாரித்தவர்கள் கேட்டார்களே, அங்கேதான் மாட்டிக்கொண்டோம். வாயால் சொல்வதற்கு என்ன குறை? மத்திய அரசு இடைநிலைக் கல்விக்காகப் போட்ட லட்சுமணசாமி முதலியார் குழு பள்ளியிலேயே தொழில் சார்ந்த பாடமும் இருக்க வேண்டும் என்று 1953இலேயே சொன்னது. அதே வருஷம் வந்த ராஜாஜியின் அரைநாள் பள்ளித் திட்டம், மீதி நேரம் வீட்டுத் தொழிலைக் கற்கச் சொன்னதால், குலக்கல்வி என்று பெயரெடுத்து, அடுத்த வருஷமே காமராஜர் காலத்தில் போய்விட்டது. தொழிற்கல்வி என்றாலே நம் ஆட்கள் கொஞ்சம் முகம் சுளிப்பதற்கு அந்தப் பழைய பயமும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். அப்புறம் அதேபோலத் தொழிற்கல்வியை வலியுறுத்திய கோத்தாரி கல்விக் குழு, அதற்குப் பின் 1978இல் பிளஸ் டூ, அதோடு வொக்கேஷனல் குரூப் என்ற இந்தத் தொழிற்கல்விப் பிரிவு. நம் முதல் செட் 1980இல் பரீட்சை எழுதியது, ஓசூரில் அசோக் லேலண்ட் லாரி ஆலை தொடங்கியதும் அதே வருஷம்தான். இதையெல்லாம் மூச்சுவிடாமல் ஒப்பிக்கலாம். காகிதம்? எப்போதோ அறையை ஒழித்தபோது எடைக்குப் போட்டுவிட்டார்கள்.

டீக்கடையில் நாங்கள் புலம்பியது எப்படியோ பாய் காதுக்குப் போயிருக்கிறது. மறுநாள் டிவிஎஸ் 50இல் ஒரு சாக்கோடு வந்து இறங்கினார். உள்ளே சிவப்புக் காலிகோ அட்டை போட்ட பதிவேடு. முதல் பக்கத்தில் தலைமையாசிரியர் சீல், 1978. அப்புறம் பக்கம் பக்கமாக மூலைமட்டம், ஹாக்ஸா பிரேம், அரம், வெர்னியர் என்று யார் எந்தக் கருவியை வாங்கினார்கள், எப்போது திருப்பிக் கொடுத்தார்கள் என்ற கணக்கு. வாங்கிய பையன் போட்ட கையெழுத்தின் மேலேயே கிரீஸ் பட்ட விரல் தடம். எடைக்கு வந்ததைக் கிழிக்காமல் ஏன் வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். "அண்ணன் கையெழுத்து இருக்குப்பா," என்றார். அண்ணன் முதல் செட். ஓசூரில் வேலைக்குப் போனவர் அங்கேயே வீடு கட்டிக்கொண்டார். வீட்டுப் பாகப் பிரச்சினையில் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லையாம். ஆனாலும் பதிவேட்டை மட்டும் அரிசி டிரம்முக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்!

பணம் என்றதும் முறைத்தார். சரி, டீயாவது குடியுங்கள் என்றால், கடையில் ஆள் இல்லை என்று வண்டியை உதைத்துக் கிளம்பிவிட்டார். விசாரணையில் மேஜைமேல் அந்தப் பதிவேட்டை வைத்த பிறகு யாரும் தேதி கேட்கவில்லை.

பள்ளியின் தொழிற்கல்வி வரலாற்றைச் சின்னப் புத்தகமாகப் போடுவதாக முடிவு செய்திருக்கிறோம். பழைய ரெக்கார்டு நோட்டு, குரூப் போட்டோ எது இருந்தாலும் கொடுங்கள், ஸ்கேன் செய்துவிட்டுத் திருப்பித் தருவது என் பொறுப்பு. முதல் பிரதி பாய்க்கு. அண்ணனுக்கும் ஒன்று ஓசூருக்குத் தபாலில் போகும், அந்தக் கையெழுத்துப் பக்கத்தில் அடையாளம் வைத்து. அனுப்பியது யார் என்று அவர் கேட்டால் பள்ளிக்கூடம் என்று சொல்லிக்கொள்கிறோம்.